பத்து வரி காட்ட இரண்டு லட்சம் வரி: ஒரு ஜாங்கோ பில் பட்டியலின் நிகழ்வு ஆய்வு

மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளில் நடந்தது இது. ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்டும் சட்டகம்) எழுதியது, பின்னால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ், முன்னால் பிரவுசரின் கோரிக்கையை வாங்கும் என்ஜின்எக்ஸ், நடுவே ஜாங்கோ நிரலை ஓட்டும் கனிகார்ன். அதில் "பில் பட்டியல்" என்று ஒரு பக்கம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து போட்ட எல்லா பில்லும் அங்கே வரும்; தேதி, பில் எண், பார்ட்டி, ஊர், ஜிஎஸ்டிக்கு முந்தைய தொகை, ஜிஎஸ்டி, மொத்தம், பாக்கி என்று, ஒரு பில்லுக்கு ஒரு வரியாக (வரிசையாக), வரிக்கு 8 கட்டம். ஆரம்பத்தில் யாரும் குறை சொல்லவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி, கடைசியில் மாதாமாதம் 10-ம் தேதி வாக்கில் திறக்கவே திறக்காத நிலைக்கு வந்துவிட்டது. மாதத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்) கடைசி நாள் 11 என்பதால் அதற்கு முந்தைய நாள்தான் கணக்குப் பிரிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். திரையில் 502 என்ற பிழை எண் வரும், ரீஃப்ரெஷ் அடிப்பார்கள், அது சர்வருக்கு இன்னொரு முழுக் கோரிக்கையாகப் போய்ச் சேரும், நிலைமை இன்னும் மோசமாகும்.

ரேமைக் கூட்டலாம், டைம்அவுட்டைக் கூட்டலாம் என்பதுதான் முதலில் வந்த யோசனைகள். டைம்அவுட் விஷயம் புரிந்துகொள்ள வேண்டியது. நாம் எதுவும் மாற்றாவிட்டால் கனிகார்ன் ஒரு வொர்க்கருக்கு (கோரிக்கையைக் கையாளும் புராசஸ்) 30 விநாடி பொறுக்கும், என்ஜின்எக்ஸ் பின்னாலிருந்து வரும் பதிலுக்கு 60 விநாடி பொறுக்கும். 30 தாண்டியதும் கனிகார்ன் அந்த வொர்க்கரை நிறுத்திவிடுகிறது, பதில் வராமலே இணைப்பு அறுந்ததால் என்ஜின்எக்ஸ் 502 காட்டுகிறது. 504 வந்திருந்தால் என்ஜின்எக்ஸ் காத்திருந்து சலித்துப்போனது என்று அர்த்தம். இங்கே வந்தது 502, அதாவது வொர்க்கரே செத்துப்போனது. இதை 30-லிருந்து 120 ஆக்கினால் என்ன ஆகும்? அதே வேலையை அதே மெமரியைப் பிடித்துக்கொண்டு நாலு மடங்கு நேரம் செய்ய அனுமதி கொடுத்தது போல ஆகும், அவ்வளவுதான். நாலு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் நாலு வொர்க்கரும் போய், பில் போடும் திரையும் சேர்ந்து நிற்கும். அதனால் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்க மாட்டேன்.

இந்தப் பிரச்சினை இத்தனை நாள் கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பக்கத்தில் டேட்டாடேபிள்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் செருகி இருந்தது. திரையில் 10 வரிதான் தெரியும், கீழே 1, 2, 3 என்று பக்க எண்கள் இருக்கும், மேலே தேடல் பெட்டி இருக்கும். பார்க்கிற யாரும் "பேஜினேஷன்தான் (பக்கமாகப் பிரிப்பது) இருக்கிறதே" என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அது பிரவுசருக்குள் நடக்கும் பேஜினேஷன். முழுப் பட்டியலும் எச்டிஎம்எல் ஆக வந்து இறங்கி, பிரவுசர் அதை டேபிளாகக் கட்டி முடித்து, அதன் பிறகுதான் டேட்டாடேபிள்ஸ் அதை வாசித்து 10 வரி மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திரையிலிருந்து எடுக்கும். பத்து வரி காட்ட இரண்டு லட்சம் வரி பயணம் செய்கிறது.

டெம்ப்ளேட்டுக்குள் உண்மையில் என்ன ஓடுகிறது

வியூ (கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் நிரல்) மூன்றே வரி. பில் மாடலிலிருந்து (பில் டேபிளைக் குறிக்கும் வகுப்பு) தேதி வாரியாக அடுக்கிய ஒரு குவெரிசெட் (டேட்டாபேஸிடம் கேட்க வேண்டிய கேள்வி), அதை ஒரு பெயரில் டெம்ப்ளேட்டுக்கு (எச்டிஎம்எல் அச்சு) கொடுக்கிறது, ரெண்டர் செய்கிறது, அதாவது எச்டிஎம்எல் ஆக்குகிறது. எதில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் ப்ரொஃபைலரில் பார்த்தால் நேரம் முழுக்க ரெண்டரில்தான் போகிறது. இதைப் பார்த்துவிட்டு "ஜாங்கோ டெம்ப்ளேட் மெதுவானது, ஜின்ஜாவுக்கு மாறிடலாம்" என்று சொல்வது ரொம்ப சுலபம். ஜின்ஜா என்ற அந்த வேறு டெம்ப்ளேட் கருவி வேகமானதுதான், அது டெம்ப்ளேட்டைப் பைத்தான் நிரலாகவே மாற்றிக்கொள்கிறது. ஆனால் இங்கே கோளாறு வேறு. குவெரிசெட் என்பது யாராவது அதைத் தொடும்வரை டேட்டாபேஸுக்குப் போகாது. வியூவில் யாரும் தொடவில்லை. முதலில் தொட்டது டெம்ப்ளேட்டில் இருந்த ஓர் இஃப்: "பில்கள் இருந்தால் டேபிளைக் காட்டு, இல்லாவிட்டால் 'பில் எதுவும் இல்லை' என்று காட்டு." ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் தெரிகிறது, ஆனால் குவெரிசெட்டை இப்படி உண்மையா பொய்யா என்று கேட்டாலே அது முழு விடையையும் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். ஆக டேட்டாபேஸ் வேலை, ஆப்ஜெக்ட் கட்டும் வேலை, எச்டிஎம்எல் வேலை எல்லாம் ரெண்டர் என்ற ஒரே பெயரின் கீழ் பதிவாகிறது. டெம்ப்ளேட் வெறும் காட்சிக்கு என்று நாம் நினைக்கிறோம். ஜாங்கோவில் குவெரி ஓடும் இடமும் பெரும்பாலும் அதுதான்.

சரி, அந்த இஃப் வந்ததும் என்ன நடக்கிறது? பைத்தானைப் போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைகோபிஜி நூலகம், வழக்கமான கர்சரில் (விடையை வாங்கும் வழி) முழு விடையையும் நம் புராசஸுக்குள் இழுத்துவிடும். ஜாங்கோ அதைப் பட்டியலாக்கி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பில் ஆப்ஜெக்ட் செய்து, குவெரிசெட்டின் உள்ளேயே சேமித்து வைக்கும். எட்டு கட்டம்தான் காட்டுகிறோம், ஆனால் மாடலில் இருக்கும் எல்லா ஃபீல்டும் வரும்: டெலிவரி முகவரி, குறிப்பு, உருவாக்கியவர், திருத்தியவர், எல்லாம்.

இதைத் தவிர்க்க, குவெரிசெட்டின் இட்டரேட்டர் மெத்தட் போட்டால் போதும், ஒரு தவணைக்கு 2,000 வரியாகக் கொண்டுவரும் என்று பலர் சொல்வார்கள். ஜாங்கோ 1.11-லிருந்து போஸ்ட்கிரெஸில் இட்டரேட்டர் சர்வர் பக்கக் கர்சரையே (விடையை டேட்டாபேஸ் பக்கமே வைத்துக்கொண்டு தவணையாகத் தருவது) பயன்படுத்துகிறது, ஒரு தவணைக்கு 2,000 வரி என்பதுதான் வழக்கமான அளவு. ஆனால் அதை டெம்ப்ளேட்டின் ஃபார் டேகுக்கு (ஒவ்வொரு வரியாகச் சுற்றும் கட்டளை) கொடுத்தால் பயனில்லை. ஜாங்கோவின் மூல நிரலில் ஃபார் டேக் இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள்: கையில் வந்ததற்கு நீளம் சொல்லத் தெரியாவிட்டால் முதல் வேலையாக அதை லிஸ்ட் ஆக்கிவிடும். காரணம், சுற்றுக்குள் "இது கடைசி வரியா", "இன்னும் எத்தனை பாக்கி" என்று கேட்கும் வசதி எப்போதும் தயாராக இருக்க வேண்டும், அதற்கு மொத்த நீளம் முன்பே தெரிய வேண்டும். நாம் அதைக் கேட்கிறோமா இல்லையா என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆக, துண்டு துண்டாக வந்த வரிகள் டெம்ப்ளேட்டின் வாசலில் மறுபடி ஒரே மூட்டையாகின்றன.

அடுத்தது எச்டிஎம்எல் சரம். ஃபார் டேக் ஒவ்வொரு துண்டையும் பட்டியலில் சேர்த்து, முடிவில் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே சரமாக்கித் தரும். அதை வெளியே இருக்கும் இஃப் மறுபடி ஒட்டும், அதற்கு வெளியே இருக்கும் பிளாக் மறுபடி ஒட்டும், அடிப்படை டெம்ப்ளேட் மறுபடி ஒட்டும். கடைசியில் ரெஸ்பான்ஸ் அதை யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றும், அது தனிப் பிரதி. இங்கே நம் மொழிக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. பைத்தான் 3.3-லிருந்து ஒரு சரத்தில் உள்ள எழுத்துகளில் பெரியது எதுவோ அதை வைத்து முழுச் சரத்துக்கும் ஓர் எழுத்துக்கு எத்தனை பைட் என்று முடிவு செய்கிறது. வெறும் ஆங்கில எழுத்தும் குறியும் என்றால் எழுத்துக்கு 1 பைட். நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தால்கூட முழுச் சரமும் எழுத்துக்கு 2 பைட் ஆகிவிடும். பில் பட்டியலில் முக்கால்வாசி டிஆர் (டேபிளின் ஒரு வரி), டிடி (அதில் ஒரு கட்டம்), கிளாஸ் என்று ஆங்கிலக் குறிகள்தான். ஆனால் பார்ட்டி பெயர் தமிழில் இருக்கிறதே. ஒரு வரிக்கு 600 எழுத்து என்று வைத்துக்கொண்டால் 2 லட்சம் வரிக்கு 12 கோடி எழுத்து. ஆங்கிலம் மட்டும் என்றால் 12 கோடி பைட்டில் அடங்கியிருக்கும், தமிழ் கலந்ததால் 24 கோடி பைட். அது ஒரு பிரதிக்கு. ஒட்டும் நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் கையில் இருக்கும், மாடல் ஆப்ஜெக்டுகள் தனி. இதற்காகத் தமிழை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. 50 வரி இருக்கும் பக்கத்தில் இந்த இரட்டிப்பு பொருட்டே இல்லை, 2 லட்சம் வரியில்தான் இது சர்வரைச் சாய்க்கிறது.

இன்னொன்று, இப்படி ஒருமுறை ஊதிப்போன வொர்க்கர் கோரிக்கை முடிந்தாலும் மெமரியைப் பெரும்பாலும் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. "பக்கத்தை மூடிட்டோம், அப்பவும் சர்வர் மெதுவாவே இருக்கு" என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

இதற்கு மேல் ஊர்க் கட்டம். டெம்ப்ளேட்டில் பில்-புள்ளி-பார்ட்டி-புள்ளி-ஊர் என்று எழுதியிருந்தது. வியூவில் செலக்ட் ரிலேட்டட் (தொடர்புள்ள டேபிளையும் அதே குவெரியில் எடுப்பது) பார்ட்டிக்கு மட்டும் இருந்தது, ஊர் வேறு டேபிள். ஒவ்வொரு வரியிலும் ஊரைக் கேட்கும்போது ஒரு குவெரி தனியாகப் போய் வந்தது. இந்த வகைக் கோளாறு பழக்கமானதுதான், ஆனால் இங்கே அதைப் பிடிக்க வேண்டிய கருவியே ஏமாற்றியது: டீபக் (பிழை தேடும்) நிலையில் ஜாங்கோ ஓர் இணைப்பில் ஓடும் குவெரிகளில் கடைசி 9,000-ஐ மட்டும்தான் நினைவில் வைக்கும். சோதனை சர்வரில் சில நூறு பில்தான் இருந்ததால் அங்கே எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. குவெரிசெட்டில் ஒன்லி மெத்தட் போட்டு ஃபீல்டுகளைக் குறைக்கப் போனாலும் இதே ஆபத்து உண்டு. விட்டுப்போன ஒரு ஃபீல்டை டெம்ப்ளேட் தொட்டால் வரிக்கு ஒரு குவெரி, எந்தப் பிழைச் செய்தியும் வராது.

பிரவுசர் பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2 லட்சம் டிஆர், ஒவ்வொன்றிலும் 8 டிடி, ஆக 18 லட்சம் உறுப்புகள். குரோமின் லைட்ஹவுஸ் கருவி ஒரு பக்கத்தில் சுமார் 1,400 உறுப்புகளைத் தாண்டினாலே அதிகம் என்று சொல்லும்.

"எல்லாம் வேணும்" என்றால் என்ன வேணும்

நிரலைத் தொடுவதற்கு முன் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்ததுதான் இந்த வேலையிலேயே உருப்படியான பகுதி என்று நினைக்கிறேன். பட்டியலைக் குறைக்கலாமா என்று கேட்டதும் அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்: "எல்லா பில்லும் தெரியணும் தம்பி, ஒண்ணுகூட விடுபடக் கூடாது."

"2018 பில்லெல்லாம் எப்போ பார்ப்பீங்க அக்கா?"

"பார்ட்டி யாராவது பாக்கி இல்லைன்னு சண்டைக்கு வந்தா பார்ப்பேன். பில் நம்பர் போட்டா வந்துடும்ல?"

அவர் பட்டியலைப் படிப்பதில்லை, தேடுகிறார். முதலாளி பக்கத்தைத் திறந்ததும் நேராகக் கீழே போய் மொத்தத் தொகையைப் பார்ப்பார், வரிகள் அவருக்குத் தேவையே இல்லை. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு மாதத்தின் பில்கள் எக்செல்லில் வேண்டும், அதற்கு டேட்டாடேபிள்ஸின் ஏற்றுமதிப் பொத்தானை அழுத்துவார்கள். தேடல், கூட்டல், ஏற்றுமதி மூன்றும் பிரவுசருக்குள் நடந்ததால்தான் மூன்றுக்குமாகச் சேர்த்து முழு டேட்டாபேஸும் பிரவுசருக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு லட்சம் வரியை வரிசையாகப் படிக்கும் மனிதர் அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட இல்லை. இது தெரிந்ததும், பெரிய பட்டியலை வேகமாகக் காட்டுவது எப்படி என்ற கேள்வியையே கைவிட்டேன். மூன்று வேலைக்கு மூன்று வழி செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஜாங்கோவைச் செய்தவர்களே இதில் கறாராக இருக்கிறார்கள் பாருங்கள்: அதன் அட்மின் பக்கம் ஒரு பக்கத்துக்கு 100 வரிதான் காட்டும், மொத்தம் 200-க்குள் இருந்தால்தான் "எல்லாவற்றையும் காட்டு" என்ற இணைப்பையே தரும்.

மாற்றியவை

டேட்டாடேபிள்ஸிலேயே சர்வர் பக்கம் இயங்கும் முறை ஒன்று உண்டு. எந்த வரியிலிருந்து, எத்தனை வரி என்று கேட்கும், நாம் அந்த வரிகளை மட்டும் ஜேசன் என்ற தரவு வடிவில் அனுப்பலாம். அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அது மொத்தம் எத்தனை, வடிகட்டிய பின் எத்தனை என்று இரண்டு எண்ணிக்கை கேட்கிறது, ஆழமான பக்கத்துக்கு ஆஃப்செட் (தொடக்கத்திலிருந்து எத்தனை வரி தாண்ட வேண்டும்) கேட்கிறது. சில ஆயிரம் வரிகளுக்கு அது நல்ல வழி. இங்கே இரண்டுமே இடைஞ்சல். போஸ்ட்கிரெஸில் மொத்த எண்ணிக்கை எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. எந்த வரி எந்த டிரான்சாக்ஷனுக்கு (ஒன்றாக நடக்கும் டேட்டாபேஸ் வேலைத் தொகுப்பு) தெரியும் என்பது ஒன்றுக்கொன்று மாறுவதால் கேட்கும்போதெல்லாம் எண்ணித்தான் சொல்லும். ஆஃப்செட்டும் அப்படித்தான், ஒரு லட்சம் வரியைத் தாண்டி 50 வரி கேட்டால் அந்த ஒரு லட்சத்தையும் படித்துத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் 50-ஐத் தரும். ஜாங்கோவின் வழக்கமான பேஜினேட்டரும் இந்த இரண்டையும்தான் செய்கிறது. ஒவ்வொரு வரியோடும் கூட்டுத்தொகை சேர்த்த (அனோட்டேட் செய்த) குவெரிசெட்டை அதனிடம் கொடுத்தால் எண்ணும்போதும் அந்தக் கூட்டலைச் சுமந்துகொண்டு எண்ணும். தேவையில்லாததை எண்ணும் நேரத்தில் கழற்றிவிடும் திருத்தம் ஜாங்கோ 4.2-ல்தான் வந்தது.

அதனால் கடைசி வரியை வைத்து அடுத்த பக்கம் கேட்கும் முறைக்குப் போனோம். பக்கத்தின் கடைசி பில்லின் தேதியும் ஐடியும் (டேட்டாபேஸ் அந்த வரிக்குத் தந்த தனி எண்) "அடுத்து" இணைப்பில் போகும். அடுத்த குவெரி "தேதி இதைவிடப் பழையது, அல்லது தேதி இதுவே ஆனால் ஐடி இதைவிடச் சிறியது" என்று கேட்டு 51 வரி எடுக்கும். 50 காட்டுவதற்கு, 51-வது இருந்தால் அடுத்த பக்கம் இருக்கிறது என்று அர்த்தம், எண்ணவே வேண்டாம். இதை ஜாங்கோவில் க்யூ ஆப்ஜெக்டுகளை (நிபந்தனைகள்) "அல்லது" போட்டுச் சேர்த்து எழுதும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கூடவே "தேதி இதுவோ இதற்கு முந்தையதோ" என்ற நிபந்தனையையும் தனியாகப் போட வேண்டும். தர்க்கப்படி அது தேவையில்லாதது. ஆனால் வெறும் "அல்லது" மட்டும் இருந்தால் இன்டெக்ஸில் (வரிகளை வேகமாகக் கண்டுபிடிக்க உதவும் அட்டவணை) எந்த இடத்தில் தொடங்குவது என்று, குவெரியை எப்படி ஓட்டுவது எனத் திட்டமிடும் போஸ்ட்கிரெஸின் பிளானர் பல நேரம் முடிவு செய்ய முடியாமல் போகும். இந்த நிபந்தனை அதற்கு இடத்தைக் காட்டிவிடும். அந்தத் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையைப் போட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நேரிலேயே தெரியும். இன்டெக்ஸ், தேதி, ஐடி என்ற வரிசையில். ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் பில் போடுவது நிற்காமல் இன்டெக்ஸ் கட்ட, ஜாங்கோ 3.0-லிருந்து இருக்கும் ஆட்இன்டெக்ஸ்கன்கரென்ட்லியைப் பயன்படுத்தினோம். அந்த மைக்ரேஷனில் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் கோப்பு) அட்டாமிக்கை, அதாவது எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனில் ஓட்டுவதை, அணைத்து வைக்க வேண்டும்.

ஐடி எதற்கு என்று கேட்கலாம். பழைய வியூ தேதியை மட்டும் வைத்து அடுக்கியது. ஒரே தேதியில் பல நூறு பில் இருக்கும்போது அவற்றுக்குள் எது முன், எது பின் என்பதற்கு டேட்டாபேஸ் எந்த உத்தரவாதமும் தராது. முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் கொடுத்தவரை அது தெரியாது. பக்கமாகப் பிரித்த உடனே ஒரே பில் இரண்டு பக்கத்தில் வரலாம், இன்னொன்று எந்தப் பக்கத்திலும் வராமல் போகலாம். "ஒண்ணுகூட விடுபடக் கூடாது" என்ற அந்த அக்காவின் நிபந்தனை இங்கேதான் உடையும். ஆஃப்செட்டில் இன்னொரு வழியிலும் உடையும்: அவர் இரண்டாம் பக்கத்துக்குப் போவதற்குள் புதிதாகப் பத்து பில் போட்டால் எல்லா வரியும் பத்து இடம் தள்ளிப்போகும், முதல் பக்கத்தின் கடைசி பத்து மறுபடி தலைகாட்டும். தேதியும் ஐடியும் வைத்துக் கேட்டால் அந்தத் தள்ளாட்டம் இல்லை. "முந்தைய" இணைப்புக்கு மட்டும் குவெரியை எதிர்வரிசையில் ஓட்டி, வந்த 50-ஐத் திருப்பிப் போட வேண்டும், அது சின்ன வேலை.

வியூ இப்போது குவெரிசெட்டை டெம்ப்ளேட்டுக்குக் கொடுப்பதே இல்லை. தேவையான ஃபீல்டுகளை மட்டும் வேல்யூஸ் மெத்தட் மூலம் (மாடல் ஆப்ஜெக்ட் இல்லாமல் வெறும் டிக்ஷனரியாக) எடுத்து, வியூவிலேயே லிஸ்ட் ஆக்கி, அந்த லிஸ்டைத்தான் கொடுக்கிறது. ஊர் பெயரும் அதே குவெரியின் ஜாயினிலேயே (டேபிள்களைச் சேர்த்துக் கேட்பது) வந்துவிடும். டெம்ப்ளேட்டில் யார் என்ன எழுதினாலும் அங்கிருந்து ஒரு குவெரிகூடப் போக முடியாது, ஏனென்றால் கையில் இருப்பது வெறும் டிக்ஷனரி. கொஞ்சம் கெடுபிடியான முறைதான், மாடலில் எழுதிய மெத்தட்களை டெம்ப்ளேட்டில் கூப்பிட முடியாது என்று குறை வரும். ஆனால் பெரிய டேபிளின் மேல் நிற்கும் எந்தப் பட்டியல் பக்கத்துக்கும் இதைத்தான் நான் சொல்வேன்.

தேடல் இரண்டாகப் பிரிந்தது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்குள், வரிசையாக, ஒரு நிதியாண்டுக்குள் மட்டும் திரும்ப வராமல் இருந்தால் போதும். ஆக, ஏப்ரலில் எண் மறுபடி 1-லிருந்து தொடங்கலாம், இங்கே அப்படித்தான் தொடங்கியது. 245 என்று தேடினால் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒன்று வரும். அதனால் தேடல் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிதியாண்டைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி. எண் தேடல் முழு எண்ணாகவோ தொடக்கமாகவோ மட்டும், நடுவில் எங்கே இருந்தாலும் பிடி என்பதில்லை. அப்படிக் கேட்டால் சாதாரண இன்டெக்ஸ் உதவாது, உண்மையில் அப்படி யாரும் தேடவும் இல்லை.

பார்ட்டி பெயர் வாரியாக அடுக்குவதில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது, தமிழில் பெயர் வைத்திருக்கும் எவருக்கும் வரக்கூடியது. டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்துகளை அடுக்கும் விதி) "சி" என்று இருந்தால் யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கும், அதில் ன என்பது ந-வுக்கு அடுத்தே வரும், ற என்பது ர-வுக்கு அடுத்து. அகராதியில் ழ, ள, ற, ன கடைசியில் அல்லவா? போஸ்ட்கிரெஸ் 10-லிருந்து இருக்கும் ஐசியு (மொழிவாரி விதிகள் உள்ள நூலகம்) கொலேஷனில் தமிழுக்கானதைப் போட்டால் சரியாக வரும். ஆனால் இன்டெக்ஸும் அதே கொலேஷனில் இருந்தால்தான் அடுக்கும்போது அந்த இன்டெக்ஸ் பயன்படும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் எடுத்து அடுக்கும். ஃபீல்டிலேயே டிபி கொலேஷன் கொடுக்கும் வசதி ஜாங்கோ 3.2-ல் வந்திருக்கிறது, அதுவே போதும்.

முதலாளி பார்க்கும் மொத்தத் தொகை இப்போது பட்டியலின் மேலேயே இருக்கிறது. டேட்டாபேஸிலேயே கூட்டிச் சொல்லும் அக்ரிகேட் குவெரி ஒன்று, அதிலேயே எண்ணிக்கை, ஜிஎஸ்டி, மொத்தம், பாக்கி எல்லாம். டேட்டாபேஸிலிருந்து வருவது ஒரே வரி. பக்கம் திறக்கும்போது நடப்பு மாதம்தான் வரும் என்பதால் எண்ணுவதும் அந்த மாதத்துக்குள்தான், இன்டெக்ஸ் அதைப் பார்த்துக்கொள்ளும். பழைய பக்கத்தில் தேடலில் வடிகட்டினாலும் கீழே மொத்தம் மாறாமல் நின்றது, இப்போது வடிகட்டியதற்கே மொத்தம். இதைத்தான் அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

ஏற்றுமதியில்தான் கவனிக்க வேண்டியவை அதிகம். ஒரு மாதத்துக்கு ஸ்ட்ரீமிங் ரெஸ்பான்ஸ் (பதிலைத் துண்டு துண்டாக அனுப்புவது), இட்டரேட்டர், எக்செல் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பு. டெம்ப்ளேட்டே நடுவில் இல்லை, அதனால் இட்டரேட்டர் இங்கே உண்மையாகவே துண்டு துண்டாக வேலை செய்கிறது. கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் (இது யூனிகோட் கோப்பு என்று காட்டும் குறி) எழுதாவிட்டால் எக்செல் பல நேரம் தமிழைக் குப்பையாகக் காட்டும், அதை மறக்க வேண்டாம். ஸ்ட்ரீமிங் நடுவில் பிழை வந்தால் 200 (எல்லாம் சரி) என்ற பதில் ஏற்கெனவே போய்விட்டிருக்கும், பாதியில் நின்ற கோப்பு பார்வைக்கு முழுக் கோப்பு போலவே இருக்கும். வரி தாக்கலுக்குப் போகும் கோப்பில் இது ஆபத்து. அதனால் கடைசி வரியாக பில் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் எழுதுகிறோம். அந்த வரி இல்லாத கோப்பைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆடிட்டர் ஆபீஸுக்குச் சொல்லியாகிவிட்டது. டேட்டாபேஸுக்கு முன்னால், இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர், டிரான்சாக்ஷன் முறையில் இருந்தால் சர்வர் பக்கக் கர்சர் அப்படியே வேலை செய்யாது: கர்சரைத் திறந்த இணைப்பு ஒன்று, அடுத்த தவணை கேட்கப் போகும் இணைப்பு வேறொன்றாக இருக்கலாம். அந்த வேலையை ஒரு டிரான்சாக்ஷனுக்குள் அடக்க வேண்டும், அல்லது ஜாங்கோ அமைப்பில் சர்வர் பக்கக் கர்சரையே அணைக்க வேண்டும். ஒரு முழு ஆண்டு கேட்டால் ஸ்ட்ரீமிங்கும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் கையாளும் சாதாரண சின்க் வொர்க்கருக்கு ஸ்ட்ரீமிங்கிலும் அதே 30 விநாடிதான். அது பின்னணி வேலையாக ஓடி, முடிந்ததும் இறக்கிக்கொள்ள இணைப்பு தரும். எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிதான் தாங்கும் என்பதால் கோப்பை ஆண்டுக்கு ஒன்றாகத்தான் பிரித்துத் தருகிறோம்.

இத்தனையும் செய்த பிறகும் பக்கம் எதிர்பார்த்த அளவு இலகுவாகவில்லை. பார்த்தால், மேலே வடிகட்டும் படிவத்தில் பார்ட்டியைத் தேர்ந்தெடுக்கும் டிராப்டவுன். அதைத் தரும் ஜாங்கோவின் மாடல்சாய்ஸ்ஃபீல்டு இயல்பாக டேபிளில் உள்ள எல்லாரையும் ஆப்ஷனாக எழுதும், ஆக பட்டியலில் 50 பில், டிராப்டவுனில் ஆயிரக்கணக்கான பார்ட்டிகள். நிறைய பேர் இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் அது மூடியே இருக்கும். தட்டத் தட்டப் பத்து பெயர் மட்டும் கொண்டுவரும் பெட்டியாக மாற்றியதும் அதுவும் தீர்ந்தது. அட்மினில் இதற்கு ஆட்டோகம்ப்ளீட் ஃபீல்ட்ஸ் என்ற வசதி ஜாங்கோ 2.0-லிருந்தே இருக்கிறது.

மறுபடி பழைய நிலைக்குப் போகாமல் இருக்க ஒரு டெஸ்ட் எழுதி வைத்தோம். 10 பில்லோடு ஒருமுறை, 200 பில்லோடு ஒருமுறை அந்தப் பக்கத்தைக் கூப்பிட்டு, இரண்டிலும் குவெரி எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கிறதா என்று அசர்ட்நம்குவெரீஸ் மூலம் பார்க்கும், வந்த எச்டிஎம்எல்லில் 50 டிஆருக்கு மேல் இருந்தால் தோற்கும். பிற்பாடு யாரோ பாக்கி கட்டத்தில் கடைசியாகப் பணம் வந்த தேதியையும் சேர்க்கப் போனபோது அது வரிக்கு ஒரு குவெரியாக ஆனதை இந்த டெஸ்ட்தான் பிடித்தது.

பக்க எண்கள் எங்கே என்று ஆரம்பத்தில் கேட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு தேதியைக் கொடுத்து நேராக அங்கே தாவும் பெட்டி வைத்தோம், இந்த முறையில் தேதிக்குத் தாவுவது இன்னொரு "அடுத்து" மாதிரிதான். வரிசை எண் கட்டத்தையும் எடுத்துவிட்டோம், பில் எண்ணே வரிசைதானே.

பாக்கி இருப்பது பொருள்வாரி விற்பனை அறிக்கை. அங்கே ஒவ்வொரு வரியும் ஆயிரக்கணக்கான பில் வரிகளின் கூட்டல், பட்டியல் அந்தக் கூட்டுத்தொகைப்படி அடுக்கப்பட வேண்டும், அதனால் கடைசி வரியை வைத்துத் தொடரும் முறை உதவாது: கூட்டுத்தொகைக்கு இன்டெக்ஸ் கிடையாது. அதற்கு டேட்டாபேஸில் மெட்டீரியலைஸ்டு வியூ (குவெரியின் விடையை முன்கூட்டியே சேமித்து வைக்கும் டேபிள்) ஒன்று கட்டி, தனித்துவமான இன்டெக்ஸ் வைத்து, படிப்பவர்கள் நிற்காமல் கன்கரென்ட்லி புதுப்பிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், போஸ்ட்கிரெஸ் 9.4-லிருந்து அந்த வசதி இருக்கிறது. புதுப்பிப்பது இரவில் ஒருமுறையா, மணிக்கு ஒருமுறையா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அன்றைய விற்பனை அன்றைக்கே தெரிய வேண்டும் என்று கிடங்கில் சொல்கிறார்கள், நேற்று வரை தெரிந்தால் போதும் என்று கணக்குப் பிரிவு சொல்கிறது.